கொடியில்லாத கப்பல்

கப்பல் பாய் தைக்கிறவர் மகள் டியூவருக்கு அன்று காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. பத்து மணிக்கு ஓவியர் சங்கத்தார் அவள் படத்தைப் பார்க்க வருகிறார்கள். தேறினால் சொந்தப் பெயரில் படம் விற்கலாம். இல்லையென்றால் மறுபடியும் ஊசியும் கித்தானும்தான். ரோட்டர்டாமில் கடல் படம் என்றால் கூடவே ஒரு கப்பல் தலைவரும் வருவார். ஒரு கயிறு தப்பாக இருந்தாலும் விடமாட்டார்.

எட்டரைக்கு ரொட்டியோடு வந்த தங்கை நேல், படத்தின் முன் நின்று மென்றாள்.

"அக்கா, காத்து எந்தப் பக்கமிருந்து அடிக்குது?"

"இடப்பக்கமிருந்து. பாய் வலப்பக்கம் புடைச்சிருக்கு பாரு."

"அப்போ கொடி ஏன்க்கா இடப்பக்கம் பறக்குது? அதுக்குத் தனிக் காத்தா?"

டியூவர் பாயைப் பார்த்தாள், கொடியைப் பார்த்தாள். பாயை வரைந்தது திங்கட்கிழமை. கொடியை வரைந்தது வியாழக்கிழமை, ஜன்னல் வழியே துறைமுகக் கொடியைப் பார்த்து. இடையில் காற்று திரும்பிவிட்டிருந்தது.

"சிரிக்காதடி!" என்று கத்தியவள் தானும் சிரித்துவிட்டாள். வெள்ளையைக் குழைத்துக் கொடியை மூடினாள். சாம்பல் வானத்தில் அது வெளிச்சப் பொத்தலாயிற்று. மேகம் விலகினால் வெயில் எங்கேயாவது விழவேண்டுமே! கப்பலுக்குப் பின்னால் நீரில் ஒரு வெள்ளைப் பட்டை இழுத்தாள். கப்பல் கறுத்து முன்னால் வந்தது. தாழ்ந்த அடிவானத்துக்கு மேல் வானம் சட்டென்று உயர்ந்தது. மூன்று மாதம் கெஞ்சியும் வராத கடல்! இதை நான் வரைந்தேனா, தப்பு வரைந்ததா? யோசிக்க நேரமில்லை. நேலின் கையைப் பிடித்துச் சுற்றினாள்; ரொட்டி பறந்தது.

வந்தார்கள். கப்பல் தலைவர் கிரைன் கயிறுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஏம்மா, கொடி எங்கே?"

"காத்து பிச்சிட்டுப் போயிடுச்சு ஐயா."

"அந்தக் காத்துக்கு இந்த அலை பத்தாதே!"

"அப்போ... கட்ட மறந்துட்டாங்க ஐயா."

"சரிதான். உன் ஆளுங்களும் என் ஆளுங்க மாதிரியே இருக்காங்க."

பிறகு அந்த வெளிச்சத்தைப் பார்த்தார். குனிந்தார். இன்னும் குனிந்தார்.

"டெக்ஸல் தீவுப் பக்கத்துல ஒரு தடவை, புயல் முடிஞ்சு, இதே மாதிரி..." மூக்கு படத்தில் பட்டது.

"எழுதிக்கோங்கப்பா இவ பேரை" என்று சொல்லிவிட்டு, வெள்ளை மூக்கோடு கம்பீரமாகத் தெருவில் இறங்கினார். சங்கத்தார் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை, பதிவேட்டைத்தான் திறந்தார்கள்.

"ஓடிப்போய் அவர் மூக்கைப் பத்திச் சொல்லிடட்டுமா அக்கா?" நேல் கிசுகிசுத்தாள்.

"இருடி," என்றாள் டியூவர், பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே. "முதல்ல மை காயட்டும்."