அம்மைக்காக நிறுத்திய மாத்திரை

பிள்ளைகளே, தம்பிக்கு அம்மை போட்டிருந்த நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். வாசலில் வேப்பிலை, சமையலில் தாளிப்பு இல்லை, வெளியார் யாரும் உள்ளே வரவில்லை. அந்த வீட்டுக்குள் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. அது எனக்கே தெரியவில்லை.

உங்கள் அம்மாவின் வயிற்றில் இருப்பது நான் கொடுத்த கிட்னி. "உங்க கிட்னி வந்ததிலேருந்து எனக்கும் உங்கள மாதிரியே தே தாரிக் டீ பைத்தியம் பிடிச்சிருச்சு லா" என்று அம்மா கிண்டல் செய்வாள். அதைக் காப்பாற்ற ஆயுள் முழுக்க மாத்திரை போட வேண்டும்.

தம்பியின் கொப்புளங்கள் காய்ந்து, தண்ணீர் ஊற்ற நாள் பார்த்திருந்தோம். செம்பனைப் பழ லாரியை எஸ்டேட்டில் விட்டுவிட்டு வந்தேன். அம்மாவின் கால் செருப்புக்குள் நுழையவில்லை.

"ஏம்மா இப்படி வீங்கியிருக்கு?"

"நின்னுக்கிட்டே இருந்தேன்ல, அதான்."

வயிற்றின் வலப்பக்கத்தைக் கையால் பொத்தியிருந்தாள். மாத்திரை டப்பாவைத் திறந்தேன். அட்டைகள் உடைக்கப்படாமல் கிடந்தன.

"ஆத்தா வீட்டுக்கு வந்திருக்காங்க. மருந்து தொடக் கூடாதுங்க. தம்பிக்குத் தண்ணி ஊத்திட்டுப் போட்டுக்கலாம்னு இருந்தேன்."

"அம்மை அவனுக்குத்தானே! உனக்கா?"

சத்தம் போட்டேனே தவிர, ஆத்தாவை நினைத்து எனக்கும் பயம்தான்.

முன்பே அம்மை கண்ட பக்கத்து வீட்டு அக்காவை உங்களுக்குத் துணையாக வைத்துவிட்டு, அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஜாசினிலிருந்து மலாக்கா ஆஸ்பத்திரி வரை அம்மா கண்ணை மூடியே இருந்தாள். ஒவ்வொரு சிக்னலிலும் அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்த்தேன்.

டாக்டர் நம் தமிழ்ப் பெண். முதலில் திட்டினார். "உங்க சம்சாரம் மாதிரி மாத்திர போடுறவங்க அம்மை போட்ட பிள்ள பக்கத்துலயே இருக்கக் கூடாது, ஒட்டிக்கிட்டா ஆபத்து. உடனே எங்களுக்குப் போன் பண்ணியிருக்கணும், அண்ணே."

பிறகு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லும் வாசல்ல நம்ம அடையாளக் கார்டு மாதிரி ஒரு ஐ.சி. காட்டிக்கிட்டு நிக்கும். ரத்தத்துல ரோந்து சுத்துற செல்லுங்க அதப் பார்க்கும். உள்ள கிருமி பூந்திருந்தா ஐ.சி.யிலயே தெரிஞ்சிரும். உடனே ரோந்து செல்லு அதுல ஒட்டிக்கிட்டு, ஓட்டை போட்டு, நஞ்ச உள்ள விடும். அந்தச் செல்லு தானாவே செத்துரும், கிருமியும் அதோட போயிரும்."

"தம்பிக்கு அம்மை இறங்கினது அதாலயா?"

"அதாலயும்தான். ஆனா உங்க கிட்னியோட ஐ.சி. வேற இல்லையா? அதையும் எதிரின்னு நெனச்சுக்கும். மாத்திரதான் இவ்வளவு நாளா அதுங்களப் பிடிச்சு வச்சிருந்துச்சு."

தம்பியைப் பிழைக்க வைத்த அதே வேலை, அம்மாவுக்குள் என் கிட்னியை ஒவ்வொரு செல்லாகக் கொன்றுகொண்டிருந்தது.

அந்தச் செல்களை அடக்க ஊசி வழியாக மருந்து ஏறியது. நான் கட்டிலுக்குக் கீழே தொங்கிய சிறுநீர்ப் பையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது காலியாகவே இருந்தது. ஆத்தாவிடம் மன்னிப்புக் கேட்டேன், கிட்னியிடமும் கேட்டேன். வெகுநேரம் கழித்துக் குழாயில் மஞ்சளாக ஒரு கோடு இறங்கியது. நர்ஸ் இருப்பதையும் மறந்து அழுதேன்.

கிட்னி தப்பித்தது. ஆனால் பழைய பலம் அதற்கு இல்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

பிள்ளைகளே, வீட்டில் இனி யாருக்கு அம்மை கண்டாலும் வேப்பிலை கட்டுங்கள், நான் தடுக்க மாட்டேன். ஆனால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுங்கள். அம்மாவை வேறு வீட்டில் விடுங்கள். மாத்திரையை அவள் விழுங்கும் வரை பக்கத்திலேயே நில்லுங்கள். காலையில் அந்த அட்டை உடையும் சத்தம் கேட்காமல் நான் லாரிக்குக் கிளம்புவதில்லை. கேட்ட பிறகும், போகிற வழியெல்லாம் என் கை கிட்னி எடுத்த வயிற்றுத் தழும்பைத் தடவிக்கொண்டே இருக்கிறது.