அந்த அடிபம்பு யாருடையது?

உங்களுக்கெல்லாம் வேறு வேலையே கிடையாதா? போன வாரம் இதே பக்கத்தில் பேச்சுவாக்கில் 'நூலகத்துக்குப் போயிருந்தேன்' என்று ஒரு வரி சொல்லிவிட்டேன். அவ்வளவுதான்... 'மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்கு நூலகத்தில் என்ன வேலை?' என்று ஆளாளுக்குக் குடைகிறீர்கள்.

சரி, சொல்கிறேன். ஆனால் கோட்டூர்புரத்தில் யாரிடமும் மூச்சு விடக்கூடாது. எங்கள் தெருவில் இந்தப் பத்திரிகையை வடை மடிக்கத்தான் வாங்குகிறார்கள் — அந்த தைரியத்தில் சொல்கிறேன்.

எங்கள் ஆற்றோரத் தெருவை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப்போகிறார்கள். பழைய குடும்பங்களுக்கு இங்கேயே வீடு. மற்றவர்களுக்கு ஊருக்கு வெளியே எங்கேயோ, மூன்று பஸ் மாறிப் போகிற இடத்தில். பக்கத்து வீட்டுச் செல்வி அடையாறில் நாலு வீடுகளில் சமைக்கிறாள். அவள் மாமியார் முனியம்மா காலத்திலிருந்து இங்கேதான் குடித்தனம். ஆனால் வெள்ளம் வந்தபோது ரேஷன் கார்டிலிருந்து எல்லாக் காகிதமும் ஆற்றோடு போய்விட்டது. முனியம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். 'உங்க மாமியார் இங்க இருந்தாங்கன்னு பழைய அரசாங்கக் காகிதம் ஒண்ணு கொண்டாங்க' என்றார்கள் வீடு ஒதுக்குகிற ஆபீஸில்.

"எங்கேயோ கொண்டு போய்த் தூக்கிப் போட்டா, காலைல ஆறு மணிக்கு அடையாறுல யாரு ஆயா காபி போடுவா? நாலு வூட்டு வேலயும் பூடும்" என்று அழுதாள்.

"பக்கத்துல அம்மாம் பெரிய லைப்ரரி கீதே, அங்க போய்க் கேட்டா இன்னா?" என்றேன். அறிவாலா சொன்னேன்? வெயிலுக்கு ஏசியில் உட்காரலாமே என்று சொன்னேன்!

அங்கே கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண். "அரசாங்கத்தோட பழைய ரிப்போர்ட் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி வெச்சிருக்காங்க பாட்டி. யார் வேணா பார்க்கலாம்" என்று எங்கள் ஏரியா பெயரைத் தட்டினாள். வந்தது பாருங்கள்... பாலம், சாக்கடை, ஆற்றில் எவ்வளவு மண் சேர்ந்தது... கொசுவுக்குக்கூட ஒரு ரிப்போர்ட்! அந்தக் கொசுவின் கொள்ளுப்பேரன்தான் முந்தின நாள் என்னைக் கடித்திருக்கும்.

கடைசியில் நிலத்தடி நீர் பற்றி ஒன்று. அதில் ஒரு வரியைத் தமிழில் படித்துச் சொன்னாள். "ஆற்றங்கரையிலேர்ந்து மூணாவது வீடு. அடிபம்பு. உரிமையாளர் முனியம்மா. தண்ணி உப்பு. இந்தத் தண்ணில துவரம்பருப்பு வேகாதுன்னு சொல்றாங்க."

செல்வி போட்ட கூச்சலில் வாட்ச்மேன் ஓடி வந்தார். நான் மட்டும் அந்தப் பருப்பு வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். ஏன்?

பருப்பு வேகாது என்று சொன்னவள் நான்.

அந்த அடிபம்பு எங்கள் ரெண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்தது. என்னுடையது என்று நான், தன்னுடையது என்று முனியம்மா... வருஷக்கணக்கில் குடம் பறக்கும். ஒரு நாள் சட்டையெல்லாம் வியர்வையோடு ஓர் அதிகாரி வந்தார். கையில் நோட்டு, பையில் பாட்டில்கள். "இது யாரோட பம்பும்மா?" என்றார். முனியம்மா ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். அரசாங்கத்தைக் கேட்காமல் போர் போட்டதற்குப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று எனக்குப் பயம்.

"எனுது இல்ல சார்! தோ, அந்த மூணாவது வூட்டு முனியம்மாளுது" என்றேன். அவள்தான் மாட்டிக்கொள்ளட்டுமே!

வருஷக்கணக்காக என்னுடையது என்று கத்தினேன். ஒரே ஒரு நாள்தான் அவளுடையது என்றேன். அந்த ஒரு நாளைத்தான் அரசாங்கம் எழுதி வைத்திருக்கிறது!

ஆனால் அந்த மனிதரை நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. அந்த உப்புத் தண்ணீரைத் தானே வாயில் ஊற்றிப் பார்த்தார். நான் வாய்க்கு வந்தபடி சொன்ன பருப்பைக்கூட விடாமல் குறித்துக்கொண்டார். அடுத்த பக்கத்தில் கையால் வரைந்த மேப். எங்கள் முருங்கை மரம்கூட இருக்கிறது, குட்டியாக. அந்த ரிப்போர்ட்டை யாரோ ஒருவர் கரையான் தின்னாமல் காப்பாற்றியிருக்கிறார். இன்னொருவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி ஸ்கேன் செய்திருக்கிறார் — பக்க ஓரத்தில் அவருடைய கட்டைவிரலும் சேர்ந்தே பதிந்திருக்கிறது. யாரும் படிக்கப்போவதில்லை என்று தெரிந்தும் இத்தனை பொறுப்பா? நானாக இருந்தால் பத்துப் பக்கத்துக்கு ஒரு பக்கம் தள்ளிவிட்டிருப்பேன்.

பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனோம்.

"இது தண்ணி ரிப்போர்ட்டும்மா" என்றார் மேசைக்காரர்.

"வூடு இல்லாத எடத்துல பம்பு வெச்சி யாரு சார் தண்ணி அடிப்பாங்க?" என்றேன்.

சிரித்துவிட்டார். மறுபடி படித்தார். "சரி, முனியம்மா அங்க இருந்தாங்கன்னு தெருவுல பழைய ஆள் ஒருத்தர் சொல்லணும். நீங்க சொல்றீங்களா? அந்தப் பம்பு அவங்களுதுதானே?"

செல்வி என் முகத்தையே பார்த்தாள். 'எனுது' என்று தொண்டை வரை வந்துவிட்டது, பழக்கதோஷம். எச்சிலோடு சேர்த்து விழுங்கினேன்.

"அந்த வூட்லதான் சார் இருந்தா. டெய்லி அங்கேர்ந்துதான் என்னைத் திட்டுவா. பம்பு யாருதுன்னு என்னை ஏன் கேக்குறே? கவர்மென்டே எழுதிக்கீதே!"

கையெழுத்துப் போட்டேன். நேற்று பட்டியல் ஒட்டினார்கள். செல்வி பெயர் இருக்கிறது — இங்கேயே, எங்கள் பிளாக்கிலேயே.

அக்கம்பக்கத்துப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "எப்டி ஆயா கண்டுபுடிச்சே?"

"கண்டுபுடிக்கிறதா? முனியம்மா மருமவளுக்கு நாளைக்கு ஒண்ணுன்னா ஒதவட்டுமேன்னு, அன்னிக்கே என் பம்ப நான்தான் அவ பேர்ல எழுதச் சொன்னேன். டவுட்டா இருந்தா கம்ப்யூட்டர்ல போய்ப் பாருங்கடி!"