பீலா விடத் தெரியாதவர்கள்

“...அதெல்லாம் சரி, அவனுக்கு இன்னாத்துக்கு ஒங்கம்மாவப் பெத்தவரு பேரு? பொண்ணு கேக்கவா வந்துகினு கீறான்?” என்றார் டெய்சி அக்கா. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், கன்டெய்னர் லாரிகளின் புழுதி நாள் முழுக்கப் படியும் கடை வரிசையில் அவருடைய பிரவுசிங் சென்டர் இருக்கிறது. ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு எஸ்டிடி பூத், எழுத்தழிந்த கீபோர்டுகளோடு இரண்டு கம்ப்யூட்டர்கள். நான் ஒரு இணையதளத்துக்குக் கொடுத்துவிட்டு வந்த விபரங்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் தலையில் அடித்துக்கொண்டிருந்தார். பிறந்த நாளுக்கு ஒரு அடி. பாஸ்போர்ட் இலக்கத்துக்கு ஒரு அடி. மின்னஞ்சலின் பாஸ்வேர்டையே கொடுத்தேன் என்றபோது அடிக்கத் தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது. கடைசியாக அம்மாவின் குடும்பப் பெயரில் வந்து நின்றோம். எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? அதனால் அம்மாவின் அப்பா பெயரைப் போட்டிருந்தேன். அதற்குத்தான் இந்தக் கேள்வி.

இந்த ஊருக்கு வந்த புதிதில் எனக்கு விசித்திரமாகப் பட்டதே இங்குள்ளவர்களின் கேள்விகள்தான். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் வாடகை எவ்வளவு என்பார், பிள்ளை ஏன் இன்னும் இல்லை என்பார். பதிலுக்கு வாய்க்கு வந்ததைச் சொன்னாலும் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு இறங்கிப் போவார். எங்கள் பருத்தித்துறையிலோ கேள்வி கேட்டவர்கள் எல்லாரும் குண்டு போட்ட துவக்கு வைத்திருந்தார்கள். பெயர், தகப்பன் பெயர், பிறந்த இடம். நேற்றுச் சொன்னதையே இன்றும் சொல்ல வேண்டும். ஒரு எழுத்துப் பிசகினால் வரிசையை விட்டு ஓரமாக நிற்க வேண்டும். அப்படிப் பழகிய எங்களிடம் யார் எதைக் கேட்டாலும், கேட்பது யார் என்று பார்க்காமலே, உள்ளதை உள்ளபடி ஒப்பித்துவிடுவோம். கடல் தாண்டி அகதியாகப் பதிந்து, எண்ணூர்ப் பக்கம் பெயின்ட் அடித்துப் பிழைக்கும் இத்தனை வருடத்திலும் அந்த நல்ல குணம் என்னை விட்டுப் போகவில்லை.

அந்த இணையதளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கனடாக் கொடியின் இலையை யாரோ ஆமணக்கு இலை போல வரைந்திருந்தார்கள். குடிவரவு அமைச்சர் என்று ஒரு கோட்டுக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். அதே ஆள் இன்னொரு பக்கத்தில் பல் வைத்தியராகச் சிரிப்பதைப் பின்னால் டெய்சி அக்காதான் தேடிக் காட்டினார். “வாழ்த்துகள், உங்கள் குடும்பம் தெரிவாகியுள்ளது” என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நான் விண்ணப்பித்ததே கிடையாது. விண்ணப்பிக்காதவனையும் கூப்பிடும் நாடு எவ்வளவு நல்ல நாடு என்றல்லவா என் மூளைக்குத் தோன்றியது! கனடா என்ற மூன்று எழுத்தைக் கண்டால் எங்கள் ஆட்களுக்கு முகத்தில் இருக்கும் கண்ணோடு, பயத்தில் பிடரியில் முளைத்த கண்ணும் சேர்ந்து மூடிக்கொள்ளும். திருடனுக்கு இது தெரிந்திருக்கிறது. எங்கள் சங்கங்களுக்கும் தலைவர்களுக்கும் தெரியாத அளவுக்கு எங்களை அவன் படித்து வைத்திருக்கிறான்.

விபரங்களைக் கொடுத்த மறு வாரம் நோர்வேயிலிருந்து என் சொந்த அக்கா போன் எடுத்தா. “நீ எப்ப தொடக்கம் எனக்கு ‘டியர் மேடம்’ எண்டு கடிதம் எழுதத் தொடங்கினனி?” என்றுதான் முதல் கேள்வி. நான் ஆஸ்பத்திரியில் கிடப்பதாகவும் உடனே காசு அனுப்பும்படியும் என் மின்னஞ்சல் முகவரியிலிருந்தே கடிதம் போயிருந்தது. படித்த கள்ளன். அக்காவை அக்கா என்று கூப்பிடத் தெரியாததால் பிடிபட்டான். இனி என் பெயரில் காசு கேட்டு எது வந்தாலும், போனில் என் குரலைக் கேட்காமல் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று அக்காவிடம் சொன்னேன். முகவரிப் பட்டியலில் இருந்த மற்றவர்களுக்கும் அவவே சொல்லிவிட்டா.

“அந்த மெயில இழுத்து மூடிட்டு வேற ஒண்ணு தொறந்துக்கயேன், பேஜாரு வுட்டுது” என்றார் டெய்சி அக்கா. அதுதான் முடியாது. என் தம்பி கொழும்பிலிருந்து ஒரு ஏஜென்சிக்காரனோடு வெளிநாடு கிளம்பியவன். நடுவழியில் எந்த நாட்டில் இறங்கினான், இறக்கப்பட்டான், ஒன்றும் தெரியாது. கிளம்பும் முன் போனில் இந்த முகவரியை அவனுக்கு எழுத்தெழுத்தாகச் சொல்லிக் கொடுத்தேன். வீடு மாறிவிட்டோம், போன் மாறிவிட்டது. அவனிடம் எங்களுடையது என்று இருப்பது அது ஒன்றுதான். நாளைக்கு அவன் எழுதினால், பல் வைத்தியரின் கூட்டாளி அதைப் படிப்பான். என் பெயரில் பதிலும் போடுவான். இதைச் சொன்னதும் டெய்சி அக்கா தலையில் அடித்துக்கொள்வதை நிறுத்தினார். “அப்ப வுடக்கூடாது” என்றார். “மொதல்ல ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்து சீல் வாங்கிகினு வா. ஒன் பேர வச்சி எவனாவது எக்குத்தப்பா பண்ணான்னா, ஒன்னத்தான் நைனா தூக்குவானுங்கோ.”

ஸ்டேஷனில் எனக்குக் கிடைத்த மரியாதையையும் சொல்லிவிடுகிறேன். “ஐயா, என்ர கடவுச்சீட்டு விபரம் களவு போயிட்டுது” என்றேன்.

மேசைக்குப் பின்னாலிருந்த காவலர் நிமிர்ந்தார். “கடவுள் சீட்டா? எந்தக் கோயிலு?”

“கடவுச்சீட்டு ஐயா.”

“அதான்யா, சீட்டு. மாசம் எவ்ளோ கட்டின? நடத்தினவன் எஸ்கேப்பா?”

களவு போனதா என்று கேட்கிறார் என்று நினைத்து, ஆமாம் என்பதற்கு எங்கள் ஊர் வழக்கில் “ஓம் ஐயா” என்றேன்.

“சாமிய அப்புறம் கும்புட்டுக்கலாம்யா, விஷயத்தச் சொல்லு.”

ஒரே மொழி பேசும் இரண்டு பேர், அரைக் கிலோமீட்டர் தூரத்தில் நிற்பவர்கள் போலக் கத்திக்கொண்டோம். நான் பாஸ்போர்ட் என்று சொன்ன பிறகுதான் அவருக்குத் தமிழ் புரிந்தது. “கம்ப்யூட்டர் கேஸெல்லாம் இங்க இல்லய்யா” என்று அப்போதும் தள்ளிவிடத்தான் பார்த்தார். நகர மாட்டேன் என்று நின்றேன். வரிசையில் நிற்பதில் எங்களை வெல்ல யாரும் இல்லை. கடைசியில் மனுவின் நகலில் சீல் விழுந்தது.

அந்த நகலோடு திரும்பி வந்து டெய்சி அக்காவின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். நல்ல வேளை, கள்ளன் என்னை வெளியே பூட்டவில்லை. வருகிற கடிதங்களை ஓசையில்லாமல் படித்துக்கொண்டிருக்கத் திட்டம் போலும். பாஸ்வேர்டை மாற்றினேன். எழுந்துவிடப் பார்த்தபோது அக்கா தோளைப் பிடித்து அழுத்தினார். “ஒக்காரு. பாஸ்வேர்ட மறந்துட்டேன்னு அவன் சொல்லுவான். ஒங்கம்மாவப் பெத்தவரு பேரு இன்னான்னு மெயிலு கேக்கும். அதான் அவன் கைல கீதே, டக்குனு உள்ள பூந்துருவான். அந்தப் பதில மாத்து.”

உண்மையான பதிலையே போடக்கூடிய வேறு கேள்வி கிடைக்குமா என்று பார்த்தேன். பிறந்த ஊர், முதல் பள்ளிக்கூடம். எல்லாவற்றையும் ஆமணக்கு இலைக்காரனுக்கு வரி தவறாமல் கொடுத்திருந்தேன். உலகத்தில் என்னைப் பற்றி இருந்த உண்மை முழுவதும் விற்றுத் தீர்ந்துவிட்டது.

“பீலா வுடு” என்றார் அக்கா.

பீலா என்ற சொல்லில் எனக்குக் கொள்ளை ஆசை. பொய் என்றால் குற்றம் மாதிரி இருக்கிறது. பீலாவில் ஒரு நெஞ்சு நிமிர்த்தல் இருக்கிறது. இந்த ஊரில் எல்லாரும் விடுகிறார்கள், யாரும் யாரையும் ஓரமாக நிற்கச் சொல்வதில்லை. ஆனால் அந்தக் கட்டத்துக்குள் மின்னிக்கொண்டிருந்த கோட்டைப் பார்த்தபடி எனக்கு விரல் ஓடவில்லை.

“அதெப்பிடி அக்கா, அம்மாவின்ர தகப்பன்ர பேரைப் பொய்யாய் எழுதிறது?”

“எழுதினா இன்னா, புட்சி உள்ள போட்ருவானுங்களா?”

சிரிக்காமல், ஓம் என்றேன். அவரும் சிரிக்கவில்லை.

“எங்க நைனா, என்னப் பெத்தவரு, அவரு பேர போட்டுக்க. காசிமேட்டுல லாஞ்சு ஓட்டினவரு. செத்து ரொம்ப வருசம் ஆச்சி. அவரத் தேடிப் புட்சி எந்தப் பேமானி இன்னா பண்ணிடுவான்?”

“அக்கா, அம்மா பருத்தித்துறையில உயிரோட இருக்கிறா...”

“இருக்கட்டும். ஒங்கம்மாவாண்ட நான் வந்து சொல்லப் போறனா? ஒன் தம்பி லெட்டர் போடற வரைக்கும் எங்க நைனா காவல் இருக்கட்டும்.”

அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். அந்த அளவுக்காவது திருந்திவிட்டேன். டெய்சி அக்கா கீபோர்டிலிருந்து என் கையைத் தள்ளிவிட்டுக் குனிந்தார். அம்மாவின் தகப்பன் பெயருக்கான கட்டத்தில், ஒற்றை விரலால், தன் நைனாவின் பெயரை எழுத்தெழுத்தாகத் தட்டினார். கடைசி எழுத்துக்கு முன்னால் விரல் நின்றது. பெயரை ஒருமுறை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு, அதையும் தட்டினார்.