நீலம் வெளுக்காத குண்டிக்காய்

"செத்த ஆட்டுக் குண்டிக்காய் மூச்சு விடுதுன்னு பொண்ணுங்க கிட்ட சொன்னீங்களாமே. கண்ணால பார்த்தீங்களா, இல்ல யாராவது சொன்னதா?"

திண்டிவனத்துப் பெண்கள் பள்ளியில் மூத்த ஆசிரியை என்னிடம் இப்படிக் கேட்டார். நான் பார்த்திருந்தேன். மெட்ராசில் படிக்கும்போது எங்கள் பேராசிரியர் செய்து காட்டியதுதான். சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் முழுநீளத்துக்கும் ஒரே மாதிரி உழைப்பதில்லை. வெளிப்பக்கத்துப் பகுதி காற்றை மிகுதியாக எடுத்துத் தன் உணவை எரிக்கிறது. உட்பக்கத்துப் பகுதி, காற்று குறைந்தாலும் சர்க்கரையை உடைத்தே சமாளிக்கிறது. அறுத்தெடுத்த பிறகும் சில மணி நேரம் இது நடக்கும். நீலச் சாயம் கலந்த வெதுவெதுப்பான நீரில் இரண்டு பகுதிகளின் துண்டுகளையும் தனித்தனிக் கண்ணாடிக் குழாயில் போட்டு, மேலே எண்ணெய் விட்டுக் காற்றை அடைத்தால், நீரில் உள்ள காற்று தீரத் தீர நீலம் வெளுக்கும்; வெளித்துண்டு உள்ள குழாயில் முதலில் வெளுக்கும்.

"சனிக்கிழமை காட்டுங்க. இல்லன்னா அந்தப் பாடத்தை நானே எடுத்துக்கறேன்" என்றார்.

எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். அந்த வகுப்பை விட்டுத்தர மனமில்லை.

விழுப்புரத்திலிருந்து தினமும் ரயிலில் போய் வந்துகொண்டிருந்தேன். சனிக்கிழமை விடிகாலையில், நான் தலை பின்னுவதற்குள், அம்மா கறிக்கடைக்குப் போய்க் குண்டிக்காயை வாங்கி வந்து வாழை இலையில் மடித்துக் கொடுத்தாள்.

வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரமாகியும் இரண்டு குழாய்களிலும் நீலம் போகவில்லை. கொஞ்சம் பச்சையாகக்கூடத் தெரிந்தது. மூத்த ஆசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொரு தரம் செய்து காட்ட அனுமதி கேட்டேன்.

"அடுத்த சனிக்கிழமை. அதோட சரி."

திரும்பும்போது ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டேன். சாயம் இருந்த அலமாரியின் சாவி மூத்த ஆசிரியையிடம். எதையாவது கலந்திருப்பாரோ? பேராசிரியரே எங்களை ஏமாற்றினாரோ? கடைசியில் கறிக்கடைக்காரரிடம் போய் நின்றேன்.

"பாய், நேத்து ஆட்டைத்தானே தள்ளிவிட்டீங்க?"

"இன்னா டீச்சரம்மா, இப்படிக் கேக்குறீங்க? தோலை உரிச்சதும் மொதல்ல உங்களுதைத்தான் அறுத்துக் குடுத்தேன். உங்கம்மா எதிர்ல நின்னுக்கினுதானே இருந்தாங்க."

அவரையும் நம்பாமல் வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டேன்.

"சூடாத்தான் இருந்துச்சி. பெரிய வூட்டுப் பொண்ணுங்க முன்னாடி கவிச்சி அடிச்சா நமக்குத்தானே கேவலம்? அதான் மஞ்சளும் உப்பும் போட்டுப் பிசைஞ்சி, சுடுதண்ணி ஊத்தி அலசிக் குடுத்தேன்."

பச்சை எங்கிருந்து வந்தது என்று அப்போது தெரிந்தது. சுடுதண்ணீரில் அந்தக் குண்டிக்காய் வீட்டிலேயே செத்துவிட்டிருந்தது. இலையைப் பிரித்தபோது மஞ்சள் வாசம் அடிக்கத்தான் செய்தது. எங்கள் வீட்டில் கறி என்றாலே அந்த வாசம்தான். அதனால் எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை, பாய் கத்தியைத் தீட்டும் முன்பே தூக்குப் பாத்திரத்தோடு அவர் கடையில் நின்றேன். கழுவாமல் வாங்கி, நானே மூடி, ரயில் ஏறினேன். பக்கத்தில் இருந்த ஒரு பெண்மணி மூக்கைச் சுளித்துத் தள்ளி உட்கார்ந்தாள். பையில், மருந்துக் கடையில் புதிதாக வாங்கிய சாயப் புட்டி இருந்தது. அந்த அலமாரிச் சாவியை நான் இன்னும் நம்பவில்லை.