மாடி வீட்டு வூஃபர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை நான் ஓடிய ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பஸ் கிளம்பினால்கூட ‘போனால் போகட்டும், அடுத்தது வரும்’ என்று நிற்கிற ஆசாமி நான். அன்றைக்கு ஓடினேன். அதுவும் ஊரே ஓடிய திசைக்கு எதிர்த் திசையில்.

எல்லாம் ஒரு ஸ்பீக்கரால் வந்த வினை.

சில வாரங்களுக்கு முன் இதே பக்கத்தில் என் லேப்டாப்பைப் பற்றிப் புலம்பியிருந்தேன். பாட்டுப் போட்டால் தகர டப்பாவுக்குள் கொசு மாட்டிக்கொண்ட மாதிரி கேட்கிறது என்று. உடனே ஆளாளுக்கு ஆலோசனை. ‘சப்வூஃபரோடு வருகிற செட்டாக வாங்குங்கள் சார். எப்படி இருக்கிறது என்று கட்டாயம் எழுதுங்கள்.’ வாங்கினேன். இதோ எழுதுகிறேன். ஆனால் நீங்கள் எதிர்பார்த்த மாதிரி இருக்காது.

புதிதாக வந்திருக்கும் வாசகர்களுக்காக ஒரு விஷயம். நாங்கள் திருச்சிக்காரர்கள். என் மனைவி கலாவுக்கு கல்பாக்கம் பக்கம் வேலை என்பதால், மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரமாக ஒரு தெருவில் குடியிருக்கிறோம். தெருக்கோடியில் கடல். நாங்கள் மாடியில். கீழே வீட்டுக்காரர் தேவகி அக்கா. என்னைவிட ஓரிரு வயது மூத்தவர், வாசலில் நாஸ்தா கடை வைத்திருக்கிறார்.

தெருவில் ஒருநாள் விட்டு ஒருநாள் குழாயில் தண்ணீர் வரும். வந்ததும் யாராவது குரல் கொடுப்பார்கள். என்ன குரல் தெரியுமா? “கொழா வந்துட்சி.” குழாய் எப்படி ஐயா வரும்? அது இருக்கிற இடத்தில்தானே இருக்கிறது? வருவது தண்ணீர் அல்லவா? இரண்டு வருடமாக இதை வைத்துக் கிண்டல் அடித்துக்கொண்டிருந்தேன். கலாவும் அப்படியே சொல்ல ஆரம்பித்தபோது அவளையும் விடவில்லை. தமிழில் பத்தி எழுதுகிறவன் வீட்டிலேயே இப்படியா என்றேன். அவள் ஏதோ சொல்ல வந்தாள். நான் கேட்டால்தானே...

சரி, ஸ்பீக்கருக்கு வருகிறேன். இரண்டு குட்டிப் பெட்டிகள், ஒரு பெரிய மரப்பெட்டி. பெரியதுதான் சப்வூஃபர். அதைத் தரையில், சுவர் மூலையில் வைத்தால் பேஸ் என்கிற அடித்தொனி நன்றாக எழும்பும் என்று கூட வந்த தாளில் போட்டிருந்தது. வைத்தேன். எங்கள் தரைதான் தேவகி அக்காவின் கூரை என்பது என் மண்டையில் உறைக்கவில்லை.

ஞாயிறு காலை. கலா கூடையை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு மீன் வாங்கப் போயிருந்தாள். முதலில் ஒரு தவில் வாசிப்பைப் போட்டேன். அருமை. தவிலின் கனத்த பக்கமான தொப்பியில் விழுகிற அடி ஒவ்வொன்றும் வயிற்றில் வந்து விழுந்தது. அடுத்து ஒரு பேச்சைப் போட்டேன். குரல் மட்டும் கொஞ்சம் அண்டாவுக்குள் இருந்து வருகிற மாதிரி இருந்தது. பின்னால் இருக்கிற பேஸ் திருகைப் பாதிக்குக் குறைத்ததும் தெளிந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். விமரிசகன் ஆயிற்றே, விடுவேனா? ஸ்பீக்கரைச் சோதிப்பதற்கென்றே ஒரு ஒலி இன்டர்நெட்டில் கிடைக்கிறது. ‘ம்ம்ம்’ என்று ஆரம்பித்து, கீழே கீழே இறங்கிப் போகும். கடைசியில் காதுக்கு எதுவும் கேட்காது. உடம்புக்குத்தான் தெரியும்.

அதைப் போட்டு, திருகை முழுசாகத் திருப்பினேன்.

ஜன்னல் கொக்கி நடுங்கியது. மேஜையில் இருந்த டம்ளர் தண்ணீரில் வளையம் வளையமாக அலை. அந்த நேரம் பார்த்து பால்கனி வழியாகத் தெருக் குழாய் கண்ணில் பட்டது. வரிசையாகக் குடங்கள். முதல் குடம் நிரம்பி வழிகிறது. ஒருவரையும் காணோம்.

பொதுநலம் பொங்கிவிட்டது எனக்கு. பால்கனியில் நின்று, நல்ல தமிழில், உரக்கச் சொன்னேன். “தண்ணி வருது, தண்ணி வருது.”

சொல்லிவிட்டு உள்ளே போய் மறுபடியும் அந்த ஒலியை முதலிலிருந்து ஓடவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு ரசித்தேன் என்று வேறு சொல்ல வேண்டும்.

ஒலி முடிந்தது. முடிந்த பிறகுதான் மற்ற சத்தம் கேட்டது. தடதடவென்று கால்கள். குழந்தைகளின் அழுகை. பால்கனிக்கு ஓடினேன். தெருவே மேற்கே பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் கையிலும் குடம் இல்லை. செருப்புகூட இல்லை.

“என்னங்க ஆச்சு?” என்று கேட்டேன்.

ஓடிக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். “தண்ணி வருதாம் சார். கடலு உள்ள வந்துகினு கீதாம். எறங்கு சார், ரோட்டாண்ட ஓடு.”

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கணம் நான் கத்தியது எனக்கு நினைவுக்கே வரவில்லை. கடல் என்ற சொல்லைக் கேட்டதும் மூளை நின்றுவிட்டது. கொக்கி நடுங்கியதும் தண்ணீரில் வளையம் வந்ததும்தான் கண் முன்னால் வந்தன. அப்படியானால் அது ஸ்பீக்கர் இல்லையா? பூமியா?

அடுத்த நினைப்பு... கலா. கடற்கரையில் இருக்கிறாள்.

படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. தேவகி அக்கா வீட்டுக் கதவு திறந்து கிடந்தது, அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, ஆள் இல்லை. எதிரே வருகிறவர்கள் மேல் மோதிக்கொண்டு கடலைப் பார்த்து ஓடினேன். ஒரு அம்மாள் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். உதறினேன். பயமென்றால் அப்படி ஒரு பயம். தெரு முடிகிற இடத்தில் என்ன இருக்கப்போகிறதோ என்று பார்க்காமலே ஓடினேன். தலையை நிமிர்த்தவே துணிச்சல் இல்லை.

நிமிர்ந்தபோது, கடல் இருந்த இடத்தில் இருந்தது.

கலா ஒரு படகின் பக்கத்தில் நின்று சங்கரா மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். கையைப் பிடித்து இழுத்தேன். “ஓடு, தண்ணி வருது...”

“எந்தத் தண்ணி?” என்றாள்.

படகுக்காரர் கடலை ஒரு பார்வை பார்த்தார். “இன்னா சார் பேஜாரு? கடலு பாட்டுக்கு அது எடத்துல கீது. யாரு சொன்னது உனக்கு?”

யார் சொன்னது? திரும்பி வருகிற வழியில் அதைத்தான் எல்லோரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். குழாயடியில் ஒரு பெண்மணி மூச்சு வாங்கியபடி சொன்னார். “மாடி வூட்டு சார்தான். பால்கனில நின்னுகினு ரெண்டு வாட்டி கத்துனாரு.”

கலா என்னைப் பார்த்தாள். “‘தண்ணி வருது’ன்னா சொன்னீங்க? இந்தத் தெருவுலயா?”

கூடையைக் கை மாற்றிக்கொண்டு விறுவிறுவென்று வீட்டைப் பார்த்து நடந்தாள். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

தேவகி அக்காவை மொட்டை மாடியில் கண்டுபிடித்தோம். தண்ணீர்த் தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கலா போய் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது. கீழே கூட்டி வந்து உட்காரவைத்தோம்.

“அலமாரில பாத்திரம்லாம் ஆடுச்சி சார். கூரை உறுமுச்சி. இன்னாடா இதுன்னு நிக்கிறேன், நீ கத்துற.”

மன்னிப்புக் கேட்டேன். அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. கையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“சுனாமி அன்னிக்கும் ஞாயித்துக்கெழம காலைலதான். தெருவுல ‘தண்ணி வருது, தண்ணி வருது’ன்னு கத்திகினு ஓடுறாங்கோ. எந் தங்கச்சி, கொழாயிலதான் வருதுன்னு நெனச்சிகினு, குடத்த எடுத்துகினு வெளிய போச்சி.”

சொல்லிவிட்டு எழுந்து போய், எரிந்துகொண்டிருந்த அடுப்பை அணைத்தார்.

குழாய் எப்படி வரும் என்று இரண்டு வருடம் கிண்டலடித்தேனே... அந்தத் தெருவில் ‘தண்ணி வருது’ என்ற இரண்டு வார்த்தையை யாருமே சொல்வதில்லை என்று எனக்கு ஏன் ஒருநாளும் கேட்கவில்லை? தவிலில் தொப்பி எது, வலந்தலை எது என்று பிரித்துக் கேட்கிற காது இது. நினைக்க நினைக்க வெட்கமாகவும் பயமாகவும் இருக்கிறது.

ஆமாம், ஸ்பீக்கர் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். பேஸ் பிரமாதம். பெட்டிக்குள் போட்டு பரணில் ஏற்றிவிட்டேன். வூஃபர் இல்லாமல் குட்டிப் பெட்டிகள் இரண்டும் பாடாதாம். பரவாயில்லை, பழைய கொசுவே போதும்.

நேற்றுக் காலை மறுபடி குழாயில் தண்ணீர் வந்தது. பால்கனியில் இருந்து பார்த்தேன். வாயைத் திறக்கவே பயம். படியிறங்கிப் போய், தேவகி அக்கா வாசலில் நின்று, மெதுவாகச் சொன்னேன். “அக்கா, குழாய் வந்துடுச்சு.”

வெளியே வந்தார். முதலில் தெருக்கோடியில் கடலைப் பார்த்தார். அப்புறம்தான் குடத்தை எடுத்தார்.