ஒபெலிஸ்க்குக்குப் பொட்டு வைத்த கதை

எங்கள் தொழிற்சாலை வாசலில் ஓர் ஒபெலிஸ்க் நிறுத்த வேண்டும் என்று மேனேஜர் சொன்னபோது தலையை ஆட்டிவிட்டேன். கும்மிடிப்பூண்டியில் பராமரிப்புப் பிரிவைப் பார்த்துக்கொள்பவன் நான். தலையாட்டுவது முதல் வேலை, ரிப்பேர் இரண்டாவது. ஒபெலிஸ்க் என்பது தின்பதா, உடுப்பதா, த்ரீ ஃபேஸில் ஓடுவதா, ஒன்றும் தெரியாது. கம்பெனியில் பணம் போட்டிருக்கும் வெளிநாட்டுப் பங்காளியின் அலுவலக வாசலில் ஒன்று நிற்பதைப் படத்தில் பார்த்து மேனேஜர் மயங்கியிருந்தார். வியாழக்கிழமை அந்தப் பங்காளி வருகிறார், ஏதாவது கோணலானால் மறுநாள் நான் வேலைக்கு வர வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டே சொல்லும் மேனேஜர்களிடம் எனக்கு பயம் அதிகம்.

கழிவறைக்குள் ஒளிந்து போனில் தேடினேன். நாலு பட்டை, மேலே போகப் போகக் குறுகி, உச்சியில் கூம்பு, முழுக்க ஒரே கிரானைட் கல். எகிப்தில் சூரியனுக்காகக் கோயில் வாசலில் நிறுத்தினார்களாம். பெயர் வைத்தது கிரேக்கர்கள். கறி சுடும் கம்பி என்பது போல அர்த்தமாம். எல்லாம் சரி, எதற்கு? கொடிமரத்தில் கொடி ஏறும், மைல்கல்லில் ஊர் தெரியும். இது சும்மா நிற்கிறது. அந்த வேலையைத்தான் நானும் செய்கிறேன், எனக்கு யாரும் கிரானைட் போடவில்லை.

செவ்வாய்க்கிழமை கல் வந்தது, கிரேனும் வந்தது. தூக்கும் முன் கொக்கியில் எலுமிச்சம்பழம் குத்திக் கற்பூரம் காட்டுவது இங்கே வழக்கம். கிரேன்காரர் அதை முடித்துவிட்டு, "போதும் நைனா, தள்ளிக்கோ" என்றார். எனக்குப் போதவில்லை. கொக்கியா விழப்போகிறது, கல்தானே? மஞ்சளைக் குழைத்து, குங்குமம் வைத்து, நாலு பக்கமும் விழ வாய்ப்பிருப்பதால் நாலு பக்கமும் பொட்டு வைத்தேன். கல் ஊசி மாதிரி நேராக நின்றது. அழிக்க மறந்துபோனேன்.

புதன்கிழமை காலை வந்து பார்த்தால் அதற்கு மஞ்சள் துணி, சாமந்தி மாலை, முன்னால் உடைத்த தேங்காய். முதல் ஷிஃப்ட் பெண்கள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டுச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "இன்னாய்யா இது?"

"ஒபெலிஸ்க் சார்."

"ஒபெலிஸ்க்குக்கு எதுக்குய்யா மாலை? கழுவி வுடு."

ஹோஸைப் பிடிக்க ஆள் தேடினால் ஒருவரும் வரவில்லை. நானே பிடித்தேன், குழாயைத் திறக்கத்தான் கை வரவில்லை. பேக்கிங்கில் இருக்கும் பெண் ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "இது இன்னா சாமின்னு சொல்லுண்ணே. கழுவலாமா வேணாமான்னு நாங்க சொல்றோம்."

சாமி இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். எகிப்து குறுக்கே வந்தது. "சூரியனுக்காக வைக்கிறதாம்" என்று உளறினேன்.

"அப்ப சூரிய பகவான்னு சொல்லேன். இதுக்கு எதுக்கு முழிச்சிக்கினு நிக்கிற?"

பொழுது சாய்வதற்குள் இன்னும் இரண்டு மாலை ஏறியது. அடுத்த வேலைக்குக் காக்களூர் தொழிற்பேட்டையில் யாரைப் பிடிக்கலாம் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

வியாழக்கிழமை பங்காளி காரிலிருந்து இறங்கி அதையே வெகுநேரம் பார்த்தார். இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். மேனேஜர் என் பக்கம் திரும்பினார். ஒபெலிஸ்க் என்றேன். தன் அலுவலக வாசலிலும் ஒன்று இருக்கிறது, அது எதற்கு என்று இதுவரை ஒருவரும் தனக்குச் சொன்னதில்லை, இங்கே இதை வைத்து என்ன செய்கிறீர்கள் என்றார்.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒரே பதில்தான் இருந்தது. கும்பிடுகிறோம் என்றேன்.

அவர் குனிந்து ஷூவைக் கழற்றினார். மேனேஜரும் அவசரமாகக் கழற்றினார். ஒரு சாக்ஸில் ஓட்டை.

வேலை போகவில்லை. பராமரிப்பில் இன்னொரு வேலை கூடியிருக்கிறது: வெள்ளிக்கிழமைதோறும் அதற்குப் பூ வாங்குவது. அது என்ன என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை. கடந்து போகும்போதெல்லாம் கை தானாகக் கன்னத்துக்குப் போகிறது. பாதி வழியில் நிறுத்தி, தலையைச் சொறிந்துகொள்கிறேன்.