நான்கு கமராவும் இல்லாத கைபிடியும்

பாரிசவாதம் வந்து என் வலது கையும் காலும் சோர்ந்துபோனபோது, நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. எங்கள் ஊர் கிரானில் பாதிப் பிள்ளைகள் என்னிடம்தான் கணக்குப் படித்தவர்கள். கல்யாணம் செய்யவில்லை. அப்பா விட்டுப்போன வீட்டில் தனியாக இருந்தேன், அதில் எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. சில மாதம் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்து, நாலு கால் ஊன்றுதடியோடு நடக்கப் பழகிவிட்டேன். பேச்சு மட்டும் இழுத்தது. ஒரு வசனம் சொல்லி முடிக்க முன்பைவிட மூன்று மடங்கு நேரம் எடுத்தது.

ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி தந்த மிஸ் இளம் பெண். என்னைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி, "டீச்சர், நீங்க வீட்டில வெங்காயம் எப்பிடி வெட்டுவீங்க?" என்பதுதான். ஒரு பலகையில் இரண்டு ஆணி அடித்து, நுனி மேலே தெரிய வைத்து, அதில் வெங்காயத்தைக் குத்தி ஒற்றைக் கையால் வெட்டக் காட்டித் தந்தார். என் வீட்டுக்கு வேண்டியவற்றை ஒரு கொப்பித் தாளில் எழுதியும் தந்தார். குளியலறையில் இரண்டு கைபிடி, குளியலறை வாசலில் இருக்கும் படியை எடுத்துவிட்டு ஒரு சரிவு. அவ்வளவுதான். பெரிய வேலை இல்லை.

அந்தச் சமயம் கனடாவிலிருந்து தம்பி வந்தான். தாளை அவனிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

"இதெல்லாம் பழைய முறை அக்கா. நான் அதவிட நல்ல சாமான் கொண்டு வந்திருக்கன்."

நான்கு கமரா. வாசலில் ஒன்று, கூடத்தில் ஒன்று, குசினியில் ஒன்று, என் படுக்கையறையில் ஒன்று. அங்கிருந்தே என்னைப் பார்க்கலாம், கமரா வழியாகவே பேசலாம். படுக்கையறையில் வேண்டாமடா என்றேன். நான் சொல்லி முடிக்கும் முன்பே ஏணியில் ஏறிவிட்டான்.

"உங்கட பாதுகாப்புக்குத்தானே அக்கா."

அன்றிலிருந்து உடுப்பு மாற்றுவதற்கு நான் சாமி அறைக்குப் போனேன். என் சொந்த வீட்டில்.

அவன் திரும்பிப் போய் இரண்டு கிழமை இருக்கும். காலையில் குசினியில் நின்று வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி கதவு நிலையில் சாய்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தாள். திடீரென்று சுவரிலிருந்து அவனுடைய குரல் வந்தது.

"அக்கா! கத்திய வைங்க. வைங்க எண்டு சொல்றன்."

பக்கத்து வீட்டுக்காரி பதறிப்போய் மேலே பார்த்தாள். எனக்கு முகம் எரிந்தது. நான் பிள்ளைகளைக்கூட அப்படி அதட்டியவள் அல்ல. பலகையை, ஆணியை, எல்லாவற்றையும் விளக்க வாயெடுத்தேன். வார்த்தை இழுபட்டது. "சரி சரி, போய் இருங்க" என்றான். மூன்றாம் நாள், அவன் சொன்னதாக மச்சாள் ஒருத்தி ஆளோடு வந்து கேஸ் சிலிண்டரைக் கழற்றிக்கொண்டு போனாள். கத்தியையும் எடுத்தாள். அவளால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இனிச் சாப்பாடு கடையிலிருந்து பார்சலாக வருமாம். கழுவித் துடைத்த அடுப்புக்கு முன்னால் நான் வெறுங்கையோடு நின்றதையும் அந்தக் கமரா பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கும்.

குளியலறைப் படி அப்படியே இருந்தது.

மாரி தொடங்கிய ஒரு நாள், பின்னேரம் நான்கு மணி போல, அந்தப் படியில்தான் விழுந்தேன். பிடிக்கக் கை நீட்டினேன், சுவர்தான் இருந்தது. இடது முழங்கை அடிபட்டது. எழும்பப் பார்க்கப் பார்க்க ஈரத் தரை வழுக்கியது. கொஞ்ச நேரத்தில் கூடத்திலிருந்து அவனுடைய குரல் கேட்டது. அங்கே விடியற்காலை, வேலைக்குப் போக முன் பார்த்திருக்கிறான்.

"அக்கா, எங்க நிக்கிறீங்க?"

கத்தினேன். என்னால் முடிந்த அளவு கத்தினேன். மழை கூரையில் அடித்துக்கொண்டிருந்தது.

"கோபமோ? சரி, மறுகா கதைக்கிறன்."

குரல் நின்றுவிட்டது. வலியைவிட அதுதான் என்னைக் கொன்றது. நான்கு கண் வைத்தவன், நான் விழக்கூடிய ஒரே இடத்துக்கு ஒரு இரும்புக் குழாய் வைக்கவில்லை.

இருட்டும் நேரத்தில், விளக்கு எரியவில்லையே என்று பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரிதான் என்னைத் தூக்கினாள். "என்னகா இது, என்ர கடவுளே" என்று அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

மறுநாள் அவன் போனில் வந்தான். "இனி உங்களத் தனிய விடேலாது. நகரத்தில ஒரு நல்ல முதியோர் இல்லம் பாத்திருக்கன்."

"இல்ல" என்றேன்.

"அக்கா, விளங்கிக் கொள்ளுங்க—"

"நீ... பொத்து... வாய." அறுபதை நெருங்கும் வயதில் அவனுக்கு நான் முதல் தடவையாக அப்படிச் சொன்னேன். "நான் சொல்லி முடியும் மட்டும் பொத்து. என்ட குளியலறையில ஒரு கைபிடி இல்ல. அதப் போடாம, என்ன வீட்ட விட்டுக் கலைக்கிறியா?"

போனை வைத்தேன். ஊன்றுதடியோடு போய் இன்டர்நெட் பெட்டியின் வயரைப் பிடுங்கினேன். பக்கத்து வீட்டுக்காரி கதிரையில் ஏறி நான்கு கமராவையும் கழற்றினாள். படுக்கையறைக் கமராவை முதலில் கழற்றச் சொன்னேன்.

அந்தக் கிழமையே ஓட்டமாவடியிலிருந்து ஒரு மேசன் வந்தார். குளியலறையைச் சுற்றிப் பார்த்தார். நான் அளவு சொல்லத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார். இவரும் அப்படித்தானா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அளவு வேணாம் டீச்சர். நீங்க இருந்து எழும்பிக் காட்டுங்க. கை எங்க போகுதோ அங்க பூட்டுவம்."

இருந்தேன், எழும்பினேன். என் இடது கை சுவரில் பட்ட இடத்தில் அவர் பென்சிலால் ஒரு கோடு போட்டார். இருந்தேன், திரும்பவும் எழும்பினேன், இன்னொரு கோடு. படியை உடைத்துச் சரிவாக்கி, சீமெந்து காயமுன் ஈர்க்குக்கட்டால் கீறிச் சொரசொரப்பாக்கினார். இரண்டு நாள் வேலை. இரண்டே நாள்.

பிறகு ஒரு அழைப்பு மணியும் வாங்கினேன். வயர் இல்லாதது. பொத்தான் என் கழுத்துச் சங்கிலியில் தொங்குகிறது. மணி பக்கத்து வீட்டுக் குசினியில் இருக்கிறது. இதுவரை ஒருமுறை அழுத்தினேன், தவறுதலாக. அவள் மாவுக் கையோடு ஓடிவந்து என்னை ஏசினாள். கேஸ் சிலிண்டர் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது.

தம்பி நான்கு மாதம் பேசவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுக்கிறான். போன கிழமை, "வாசலில ஒரு கமராவாவது போடுவமே அக்கா" என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லத் தொடங்கினேன்.

"யோசிக்க என்ன—"

"இன்னும் முடியல்ல" என்றேன்.

பேசாமல் இருந்தான். நான் ஒவ்வொரு சொல்லாக, அவசரப்படாமல், முடித்தேன். கோபம் இன்னும் ஆறவில்லை. அதையும் அவனிடம் சொன்னேன்.